ஆற்றுக்கு முதற்பங்கு: மர்ரே–டார்லிங் படுகையின் நீர்ப் பங்கீட்டு வரலாறு



ஆற்றுநீர்ப் பங்கீடு என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது காவிரி. எனினும் இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது நம் தெற்கே உள்ள ஆஸ்திரேலியக் கண்டத்தின் மர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையாகும். அதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆற்றின் நீரில் உழவர்க்கும் ஊருக்கும் மட்டுமன்றி, அந்த ஆற்றுக்கே ஒரு பங்கு உண்டு என்பதைச் சட்டத்தில் தெளிவாக எழுதிவைத்த நாடுகளுள் ஆஸ்திரேலியா முன்னணியில் நிற்பது. எழுதிவைத்ததைக் காப்பாற்றுவது எத்துணை அரிது என்பதையும் அந்நாட்டின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

இப்படுகை ஏறத்தாழ 10 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கு மாநிலங்களிலும் தலைநகர ஆட்சிப் பகுதியிலும் அது பரந்து கிடக்கிறது. வடக்கிலிருந்து டார்லிங் ஆறும் கிழக்கு மலைகளிலிருந்து மர்ரே ஆறும் வந்து கூடி, தெற்கு ஆஸ்திரேலியாவில் கூரோங் என்னும் உப்பங்கழியை ஒட்டிக் கடலில் கலக்கின்றன. பரப்பு பெரிதே தவிர, நீர் பெரிதன்று. ஓராண்டு பெருவெள்ளம், அடுத்து நெடிய வறட்சி என்பதே இவ்வாறுகளின் இயல்பு. ஆகவே, எவ்வளவு நீர் இருக்கிறது என்னும் கேள்வியைக் காட்டிலும், குறையும்போது யார் முதலில் பெறுவது என்னும் கேள்வியே அங்கு எப்போதும் பெரிதாக நின்றது. இப்பொழிவு அந்த வரிசையின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறது.

தொல்குடியினர் கண்ட முறை

டார்லிங் ஆற்றின் மேற்பகுதிக்குப் பார்வன் என்று பெயர். அதன் கரையில் புரூவாரினா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை ஒட்டி, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆற்றுப் படுகையிலேயே கற்களை வளைவு வளைவாக அடுக்கி அமைத்த மீன்பொறிகள் காணப்படுகின்றன. மனிதர் கட்டியவற்றுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்றாக இவை கருதப்படுகின்றன. இவற்றைப் படைத்துத் தந்தவர் பையாமி என்னும் முன்னோர் என்பது நியெம்பா மக்களின் நம்பிக்கை.

நம் பொருளுக்கு இன்றியமையாதது இப்பொறிகளின் பயன்பாட்டு முறை. ஒவ்வொரு பொறியும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. அக்குடும்பமே கற்களைச் சீர்செய்யவும் மீனைப் பிடிக்கவும் உரியது. நியெம்பா மக்கள் காவலராக இருந்தபோதிலும், அண்டையிலிருந்த பிற குடிகளும் குறித்த காலங்களில் அங்குக் கூடி உணவும் சடங்கும் பகிர்ந்துகொண்டனர். எல்லா மீனையும் பிடித்துவிடாமல், இனப்பெருக்கத்துக்காக மேல்நோக்கிச் செல்லும் மீன்களுக்கு வழிவிடப்பட்டது. ஆற்றின் தேவை, பொறுப்பேற்றவரின் உரிமை, சுற்றத்தாரின் பங்கு ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருந்தன என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இன்றைய சட்டங்கள் தேடிக்கொண்டிருப்பதும் இம்மூன்றன் இணக்கத்தையே.

படகும் வாய்க்காலும்

ஐரோப்பியக் குடியேறிகள் வந்தபின் இந்த முறை கணக்கிலேயே கொள்ளப்படவில்லை. நிலம் யாருக்கும் உரியதன்று என்று கொண்டவர்கள், நீரையும் அவ்வாறே கொண்டனர். 1853 முதல் மர்ரே ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. கம்பளியை ஏற்றி வரும் அந்தப் படகுகளால் ஆற்றின் கடைமடையிலிருந்த தெற்கு ஆஸ்திரேலியா செழித்தது. படகுகள் செல்ல வழிவேண்டிப் புரூவாரினாவின் பொறிக்கற்கள் சில இடங்களில் அகற்றவும்பட்டன.

மேல்மடையில் இருந்தவர்களின் நாட்டமோ வேறு. விக்டோரியாவில் அமைச்சராக இருந்த ஆல்ஃபிரட் டீக்கின், பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் இரண்டாம் தலைமை அமைச்சரானவர், பாசனத்தை நாட்டின் எதிர்காலமாகக் கண்டார். 1885-இல் அமெரிக்கா சென்று பாசனக் குடியிருப்புகளைப் பார்வையிட்டார். 1886-இல் அவர் கொண்டுவந்த பாசனச் சட்டம், ஆற்றுநீரைப் பயன்படுத்தும் உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கே நீர் என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டம். மழை வளம் மிக்க அந்நாட்டுக்கு அது பொருந்தலாம். வறண்ட ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தாது என்று டீக்கின் கண்டார். பின்னர் அவர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் செய்து, அங்குள்ள பாசன முறைகளைக் குறித்து எழுதிய நூல் 1893-இல் வெளிவந்தது. வறண்ட கண்டத்துக்குப் பாடம் தேடிய ஒருவர் கால்வாய்களும் ஏரிகளும் நிறைந்த கீழைநாடுகளின் பக்கம் திரும்பியது நாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

1887-இல் கனடாவில் பிறந்த சாஃபி உடன்பிறப்பினர் மில்டூராவிலும் ரென்மார்க்கிலும் பாசனக் குடியிருப்புகளை நிறுவினர். மேலே வாய்க்கால் வெட்டினால் கீழே படகு தரைதட்டும். இதனால் மாநிலங்களுக்கிடையே பூசல் மூண்டது. விக்டோரியாவை ஒட்டி ஓடும் பகுதியில் மர்ரே ஆற்றின் நீரோட்டம் முழுவதும் நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள் அடங்குவது. எதிர்க்கரையே விக்டோரியாவின் எல்லை. இதுவும் பூசலைக் கூட்டியது. 1901-இல் கூட்டாட்சி அமைந்தபோது, ஆற்றுநீரை நியாயமான அளவில் பயன்படுத்தும் மாநிலங்களின் உரிமையை வணிகச் சட்டங்களால் நடுவண் அரசு குறைக்கலாகாது என்று அரசியலமைப்பின் 100-ஆம் பிரிவு வரையறுத்தது. எது நியாயமான அளவு என்பதை அது சொல்லவில்லை.

அக்காலத்தில் நாட்டை வாட்டிய பெருவறட்சியே தலைவர்களை ஒரு மேசைக்கு அழைத்து வந்தது. 1902-இல் கொரோவா என்னும் ஆற்றங்கரை ஊரில் மாநாடு கூடியது. பன்னிரண்டு ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1914-இல் மர்ரே ஆற்றுநீர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மேல்மர்ரேயின் நீரை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது. தத்தம் கிளையாறுகளைத் தாமே வைத்துக்கொள்வது. அவற்றிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வரையறுத்த அளவு நீரை விடுவது. இதுவே அதன் சாரம். போரின்றி மூன்று மாநிலங்கள் இணங்கியது பெருஞ்செயலே. ஆனால் அந்த மேசையில் தொல்குடியினர்க்கு இருக்கை இல்லை. ஆற்றுக்காகப் பேசுவாரும் இல்லை.

அணைகளின் காலம்

1919-இல் தொடங்கிய ஹியூம் அணை 1936-இல் முடிந்தது. கடல்வாயில் உப்புநீர் ஏறாமல் தடுக்கும் தடுப்புகள் 1940-இல் நிறைவுற்றன. 1949 முதல் 1974 வரை எழுந்த ஸ்னோயி மலைத் திட்டம், கடல் நோக்கி ஓடிய மலைநீரை மேற்கே திருப்பிப் படுகைக்குள் கொணர்ந்தது. போருக்குப் பின் குடியேறிய பல நாட்டு மக்கள் அதில் உழைத்தனர். நெல்லும் பருத்தியும் திராட்சையும் விளைந்தன. ஊர்கள் எழுந்தன. மாநில அரசுகள் நீர் உரிமங்களைத் தாராளமாக வழங்கின. அவ்வாறு உரிமம் பெற்றவர்களை இன்று குற்றவாளிகளாகக் காண்பது முறையன்று. அரசின் அழைப்பை நம்பி வந்து, காட்டைத் திருத்தி, கடன் வாங்கி வாய்க்கால் அமைத்தவர்கள் அவர்களுள் பலர்.

விலை மெல்லத்தான் தெரியவந்தது. பாசனத்தால் நிலத்தடி உப்பு மேலெழுந்து மண்ணையும் ஆற்றையும் கெடுத்தது. 1981-இல், பதிவான வரலாற்றில் முதன்முறையாக, மர்ரேயின் கடல்வாய் மணலால் அடைபட்டது. 1991-இன் இறுதியில் டார்லிங் ஆற்றில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுத்தன்மையுடைய நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. கால்நடைகள் மாண்டன, நியூ சவுத் வேல்ஸ் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது.

1995-இல் வெளியான நீர்க் கணக்கெடுப்பு, படுகையின் நிலையை எண்களில் வைத்தது. இயற்கையில் கடலைச் சென்றடைந்திருக்கக்கூடிய நீரின் இடைநிலை அளவில் 21 விழுக்காடே எஞ்சியிருந்தது. இயற்கையில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை நேரும் வறட்சியளவு நீரோட்டம், பத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடைமடையில் நேர்ந்துகொண்டிருந்தது. வானம் பொய்க்காத ஆண்டுகளிலும் ஆறு வறட்சியில் வாழ்ந்தது என்பதே இதன் பொருள். அவ்வாண்டே எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1997-இல் அது நிலையாக்கப்பட்டது. 1993–94-ஆம் ஆண்டின் வளர்ச்சி நிலைக்கு மேல் எவரும் போகலாகாது. எடுத்ததைத் திருப்பித் தருவது அன்று. இனி மிகுதியாக எடுக்காமல் இருப்பது மட்டுமே.

சட்டம் வகுத்த வரிசை

அடுத்த படி நியூ சவுத் வேல்ஸின் 2000-ஆம் ஆண்டு நீர் மேலாண்மைச் சட்டம். நீர்ப் பங்கீட்டில் மூன்று படிகளை அது வகுத்தது. முதலாவது, நீர்நிலையும் அதனைச் சார்ந்த உயிர்களும் காக்கப்பட வேண்டும். இரண்டாவது, வீட்டுப் பயன்பாடு, கால்நடை, தொல்குடியினரின் மரபுரிமை ஆகிய அடிப்படை உரிமைகள் காக்கப்பட வேண்டும். மூன்றாவதாகவே உரிமத்தார் பெறும் நீர். அது முதல் இரண்டுக்கும் ஊறு செய்யலாகாது. ஒவ்வோர் ஆற்றுக்கும் பத்தாண்டுக்கான நீர்ப் பங்கீட்டுத் திட்டம் வகுக்கவும் சட்டம் வழிசெய்தது. முதல் திட்டங்கள் 2004-இல் நடைமுறைக்கு வந்தன.

உரிமத்தாருக்குள்ளும் வரிசை உண்டு. ஊர்க் குடிநீர் முதலில். பழத்தோட்டம் போன்ற நிலைப்பயிருக்குரிய உயர்பாதுகாப்பு உரிமங்கள் அடுத்து. நெல், பருத்தி போன்ற ஆண்டுப் பயிருக்குரிய பொதுப்பாதுகாப்பு உரிமங்கள் அதன் பின். உரிமம் என்பது நீரன்று, நீரில் ஒரு பங்கு. 1,000 பங்குகள் உடைய உழவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அணையில் உள்ள நீரைக் கணக்கிட்டு அவ்வாண்டின் ஒதுக்கீடு 30 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டால், பங்குக்கு 10 இலட்சம் லிட்டர் என்னும் முழு அளவில் 300 பங்குக்கான நீரே அவருக்குக் கிடைக்கும். கொடிய வறட்சியில் அது சுழியாகவும் ஆகும். நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட இந்த உரிமங்களை விற்கலாம், வாங்கலாம், ஓராண்டுக்கு வாடகையாகவும் விடலாம்.

ஏட்டில் இதனினும் சீரான வரிசையைக் காண்பது அரிது. வறட்சி வந்தபோதுதான் அதன் வலிமை சோதிக்கப்பட்டது.

வறட்சியின் சோதனை

1997 முதல் 2009 வரை நீடித்த புத்தாயிரத்து வறட்சியில் அணைகள் வற்றின. 2002 முதல் கடல்வாயைத் திறந்து வைக்க மணல்வாரும் பொறிகள் இரவும் பகலும் இயங்கின. 2006-இல், மர்ரே, முர்ரம்பிட்ஜி உள்ளிட்ட ஆறுகளின் பங்கீட்டுத் திட்டங்கள் இடைநிறுத்தப்பட்டன. கடும் பற்றாக்குறையில் அவ்வாறு செய்யச் சட்டம் இடமளித்தது. ஊர்களுக்குக் குடிநீர் வேண்டும் என்னும் காரணத்தை எவரும் மறுக்க இயலாது. எனினும், நீர் நிரம்பிய காலத்தில் முதலிடத்தில் எழுதப்பட்ட ஆறு, நீர் குன்றிய காலத்தில் அந்த இடத்தை இழந்தது என்பதே நடந்தது. முதற்பங்கு யாருக்கு என்பதை மழைக்காலம் சொல்வதில்லை.

2007-இல் நடுவண் அரசு நீர்ச் சட்டம் இயற்றியது. 2008-இல் படுகை ஆணையம் அமைந்தது. 2010-இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி, ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 கிகாலிட்டர் வரை ஆற்றுக்கு மீட்க வேண்டும் என்றது. ஒரு கிகாலிட்டர் நூறு கோடி லிட்டர். பாசன நகரமான கிரிஃபித்தில் மக்கள் அந்த அறிக்கையின் படிகளைத் தீயிட்டனர். நீர் உரிமம் ஊரைவிட்டு விற்கப்பட்டால் வேளாண்மை மட்டுமா குறையும்? ஆலை மூடும், கடை மூடும், பள்ளியில் பிள்ளைகள் குறைவர். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. 2012-இல் சட்டமான படுகைத் திட்டம் 2,750 கிகாலிட்டர் என்று இலக்கைக் குறைத்தது. இத்திட்டத்தை ஆராயத் தெற்கு ஆஸ்திரேலியா அமைத்த விசாரணை ஆணையம், 2019-இல் அளித்த அறிக்கையில், தட்பவெப்ப மாற்றத்தை உரியவாறு கருதாமல் அளவு வகுத்தது சட்டத்துக்கு முரண் என்று கடிந்துரைத்தது.

உரிமம் பெற்ற ஆறு

மீட்ட நீரை அரசு எவ்வாறு வைத்திருக்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. உழவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கிய உரிமங்களைச் சூழல் நீருக்கான நடுவண் அலுவலர் ஒருவர் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார். அதே உரிமம், அதே வகை, அதே ஒதுக்கீட்டு விழுக்காடு. இவ்வாறு ஆறும் ஓர் உரிமத்தாராயிற்று.

இதனால் நன்மை உண்டு. எத்தனை பங்கு ஆற்றினுடையது என்று எவரும் கணக்குப் பார்க்கலாம். வேண்டிய காலத்தில் நீரை விட்டுச் சதுப்புநிலத்தையும் செங்கோந்து மரக்காடுகளையும் நனைக்கலாம். குறையும் உண்டு. ஏனைய உரிமத்தாரோடு ஒருவராக வரிசையில் நின்றுவிட்டபின், வரிசைக்கே அடிப்படை ஆறுதான் என்னும் எண்ணம் மங்கிவிடுகிறது. ஒருபுறம் மக்கள் பணத்தில் நீரை வாங்கி ஆற்றில் விட, மறுபுறம் அது கீழே போய்ச்சேருமுன் எடுக்கப்படுமானால் என்ன பயன்?

பார்வன்–டார்லிங் ஆற்றில் எழுந்த வினா இதுவே. அவ்வாற்றின் 2012-ஆம் ஆண்டுப் பங்கீட்டுத் திட்டம், நீரோட்டம் தாழ்ந்திருக்கும்போதும் பெரிய எக்கிகளால் நீரெடுக்க இடமளித்தது. 2017-இல் அங்கு நீர் முறைகேடாக எடுக்கப்படுவதாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று குற்றம் சாட்ட, நாடு அதிர்ந்தது. மறு ஆண்டே தனிக் கண்காணிப்பு அமைப்பு இயங்கத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸின் இயற்கைவள ஆணையம் 2019-இல் திட்டத்தை மீளாய்வு செய்து, மேல்மடையில் தாழ்நீரை எடுக்க விட்டதால் கீழ்ப்பகுதி மூன்றாண்டு முன்னதாகவே நீர்வறட்சியில் தள்ளப்பட்டது என்று முடிவுரைத்தது.

அதன் விளைவை உலகம் மெனிண்டியில் கண்டது. 2018 திசம்பர் தொடங்கி 2019 சனவரி வரை, தேங்கிய நீரில் பாசி செத்து உயிர்வளி குன்ற, பல இலட்சம் மீன்கள் மூச்சடைத்து மிதந்தன. பல பத்தாண்டு வயதுடைய மர்ரே காட் மீன்களும் அவற்றுள் இருந்தன. 2023 மார்ச்சில், வெள்ளம் வடிந்தபின், அதே இடத்தில் இரண்டு முதல் மூன்று கோடி மீன்கள் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய புதிய சட்டம், நீர் மீட்புக்கான காலக்கெடுவை நீட்டி, அரசு உரிமங்களை வாங்குவதற்கு இருந்த வரம்பையும் நீக்கியது. பூசல் இன்னும் ஓயவில்லை.

எண்ணப்படாத பங்கு

மெனிண்டியும் வில்கானியாவும் பார்க்கன்ஜி மக்களின் ஊர்கள். டார்லிங் ஆற்றுக்கு அவர்கள் வழங்கும் பெயர் பார்க்கா. பார்க்கன்ஜி என்பதற்கு அந்த ஆற்றின் மக்கள் என்பதே பொருள். தம் நிலவுரிமைக்காக 18 ஆண்டுகள் வழக்காடி, 2015-இல் அவர்கள் தீர்ப்புப் பெற்றனர். மரபுவழித் தேவைக்கு நீரைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் அடங்கும். ஆனால் ஆறு வற்றிக் கிடக்கையில் நீருரிமை என்பது வெறும் எழுத்தே.

நியூ சவுத் வேல்ஸுக்கு உட்பட்ட படுகையில் பத்தில் ஒருவர் தொல்குடியினர். அங்குள்ள மேற்பரப்பு நீரில் அவர்களின் அமைப்புகளுக்குரிய பங்கு 0.2 விழுக்காடு மட்டுமே என்று 2018-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. நிலம் யாருக்கும் உரியதன்று என்னும் கொள்கையை 1992-இல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் தள்ளியது. நீரைப் பொறுத்தவரை அக்கொள்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தொல்குடிச் சட்ட அறிஞர் வர்ஜீனியா மார்ஷல் 2017-இல் வெளியான தம் நூலில் வாதிடுகிறார். தொல்குடியினர் நீர் உரிமம் வாங்குவதற்கென 2018-இல் நடுவண் அரசு 4 கோடி டாலர் அறிவித்தது. பின்னர் அது 10 கோடியாக உயர்த்தப்பட்டது. ஒருகாலத்தில் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டதை இன்று சந்தை விலைக்கு வாங்கித் தருவதே அந்த ஏற்பாடு.

நிறைவுரை

அவையோரே, இந்த வரலாற்றில் தீயோர் என்று ஒருவரைச் சுட்டி முடித்துவிட இயலாது. உழவர் அரசின் சொல்லை நம்பினார். நகரத்தார் குடிநீர் கேட்டனர். மாநிலங்கள் தம் மக்களுக்காக வாதாடின. ஒவ்வொரு தலைமுறையும் தன் கண்ணில் பட்டவர்க்கு நேர்மையாகவே பங்கிட்டது. கண்ணில் படாதவர்க்கு எஞ்சியதை விட்டது. எஞ்சியது ஒவ்வொரு முறையும் குறைந்தது. 1914-இல் கண்ணில் படாதவர்கள் இருவர்: ஆறும், ஆற்றின் முதற்குடிகளும். நூறாண்டு கடந்து அவர்கள் பங்கு கேட்டபோது, கொடுக்கப்படாத நீர் ஒன்றும் மீதமில்லை. பிறரிடமிருந்து வாங்கித்தான் தரவேண்டியதாயிற்று. இன்றைய கசப்பின் வேர் அதுவே.

ஆகவே, ஒரு பங்கீடு நேர்மையானதா என்று மதிப்பிட விரும்பும் மாணவர் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். பங்கிட அமர்ந்தபோது அங்கு இல்லாதவர் யார்? வறட்சி ஆண்டில் அந்த வரிசை மாறாமல் நின்றதா? இவ்விரண்டு வினாக்கள் ஆற்றுநீருக்கு மட்டுமன்றி, காட்டுக்கும் கடலுக்கும் பொருந்துவன.

புரூவாரினாவின் கற்பொறிகள் சிதைவுற்றும் இன்றும் பார்வன் ஆற்றில் கிடக்கின்றன. அவை 2005 முதல் ஆஸ்திரேலியத் தேசிய மரபுடைமைப் பட்டியலில் உள்ளன. நீர் நன்றாக ஓடும் நாள்களில் மீன்கள் அக்கற்களுக்கிடையே மேலேறிச் செல்கின்றன. அவற்றுக்கு வழிவிட்ட பின்னரே தமக்குப் பிடித்துக்கொண்ட மக்கள், அந்த ஆற்றின் கரையில் நெடுங்காலம் வாழ்ந்தனர்.